அருகம்புல்லுக்கு வீட்டில் ஒரு தொட்டி!

விடிகாலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பூங்கா வாசலில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் நாலைந்து எவர்சில்வர் தூக்கு. அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய், நெல்லிக்காய் என்று எழுதி ஒட்டிய அட்டை. நடந்து முடித்தவர்கள் வரிசையாக நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு டம்ளர் பச்சைச் சாறைக் குடித்துவிட்டு, "ரத்தம் சுத்தமாகுது சார்!" என்று திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

சித்த மருத்துவனான எனக்கு இதைப் பார்த்தால் சந்தோஷம்தான். காலில் மிதிபட்டுக் கிடந்த புல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறதே! ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. அந்த டம்ளரைக் கையில் வாங்கும்போது ஒரு தடவையாவது நீங்கள் கேட்டதுண்டா, "ஏம்பா, இந்தப் புல் எங்கே பறிச்சது?" என்று?

கேட்டுப் பாருங்கள். "வாய்க்கால் ஓரம்", "ஏரிக்கரை", "ரயில்வே லைன் பக்கம்" என்று பொதுவாக ஏதாவது பதில் வரும். அந்த வியாபாரியைக் கோபித்துப் பயனில்லை. அவரும் யாரோ கொண்டுவந்து போடும் கட்டை வாங்கி அரைக்கிறவர்தான். கேட்காமல் குடிக்கிறோமே, நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே வளர்ந்தது என்று தெரியாத அருகம்புல்லை வாயில் வைக்காதீர்கள். வேண்டுமென்றால் வீட்டிலேயே தொட்டியில் வளருங்கள். அந்தத் தொட்டி கொடுக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குடிக்கத் தேவையே இல்லை.

எதையும் உறிஞ்சும் புல்

கல்யாணத்தில் பெரியவர்கள் வாழ்த்தும்போது, அருகு போல் வேரோட வேண்டும் என்பார்கள். அந்த வாழ்த்து சும்மா வந்ததில்லை. அருகம்புல் தரைமேல் கொடியாக ஓடும். தரைக்கு அடியில் கிழங்குத் தண்டாகவும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். வெட்டினாலும், மிதித்தாலும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். உப்பு மண், களர் மண் என்று பார்க்காது. வேறு செடி பிழைக்காத சுரங்கக் கழிவு மேட்டில்கூட இந்தப் புல் வளர்கிறது.

அதன் பலமே நமக்கு ஆபத்தாகவும் ஆகிறது. கெட்ட மண்ணில் வளரும் புல், அந்த மண்ணில் உள்ள ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. வேரில் அதிகம் தங்கும், இலைக்கும் ஓரளவு ஏறும். வேருக்குள் போனதை எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் எடுக்க முடியாது. ஈயம் கலந்த பெட்ரோலை நம் நாட்டில் 2000-ம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பல வருஷம் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போய்விடாது.

எங்கள் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஜவ்வாது மலையை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாகப் போனால் வாணியம்பாடி. அங்கேயும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் எப்படிக் கெடுத்தது என்பது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசு செய்கிறவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்ட ஓர் ஆற்றங்கரையில் தளதளவென்று அருகு வளர்ந்திருந்தால், பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறலாமா?

இது ரசாயனம். கிருமி தனி. வாய்க்கால் ஓரத்துப் புல்லில் நாயும் பன்றியும் எலியும் என்ன செய்துவிட்டுப் போகும் என்று விளக்கத் தேவையில்லை. அதைப் பச்சையாக அரைத்து, ஏதோ ஒரு தண்ணீரை ஊற்றிப் பிழிந்து, வெறும் வயிற்றில் குடிப்பது டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி, குடற்புழு எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைப்பது. விநாயகருக்குச் சாத்துவதற்காக மார்க்கெட்டில் விற்கும் அருகம்புல் கட்டையும் இதே கணக்கில் சேருங்கள். பூஜைக்கு அது போதும். மருந்துக்கு ஆகாது.

இடம் பார்த்து எடுப்பது மருந்து

நான் இருக்கும் காவலூரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். வானியல் அறிஞர் வைணு பாப்புவின் முயற்சியால் 1967-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே ஆராய்ச்சி தொடங்கியது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்க ஆரம்பித்தது. ஆய்வுக்கூடத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அவ்வளவு பெரிய கருவியை ஏன் இந்த மலைக்காட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்? பட்டணத்து வெளிச்சமும் தூசும் இல்லாத இடம் வேண்டும் என்பதால்தான். கருவி எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் இடம் சரியில்லை என்றால் நட்சத்திரம் தெரியாது.

மூலிகைக்கும் அப்படியே. சுடுகாடு, பாம்புப் புற்று, சதுப்பு, உவர் நிலம், ஜனங்கள் நடமாடும் பாதை, இங்கெல்லாம் மூலிகை எடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு மருத்துவ மரபு. நம் முன்னோர்கள் ரசாயனப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் இடத்தின் குணம் மூலிகையில் வரும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

"அப்படின்னா காவலூர்ப் புல் நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. மலைக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் ஒரு பை புல் அடைத்துக்கொண்டு போவதையும் பார்க்கிறேன். மலை மண் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கேயும் ஆடு மாடு மேய்கிறது, பாதையோரத்தில் பஸ் போகிறது. பையில் அடைத்த புல் ஊர் போய்ச் சேருவதற்குள் புழுங்கிவிடும், மறுநாள் மஞ்சளாகிவிடும். அதைவிட அந்த மலைப்புல்லில் நாலு கொடியை வேரோடு, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அதுவே உங்கள் தொட்டிக்கு விதை.

தொட்டி வைக்கும் முறை

முதலில் புல்லை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அருகின் கொடி மெல்லியது, கணுக்கணுவாக இருக்கும். பூக்கதிர், ஒரே இடத்திலிருந்து பிரியும் நாலைந்து விரல் போல நிற்கும். கோரையை அருகு என்று எடுத்துவந்து காட்டுகிறவர்கள் நிறைய. கோரையின் தண்டு முக்கோணம், விரல்களுக்கு நடுவே உருட்டினால் உருளாது. அருகின் தண்டு உருளும்.

தொட்டி ஆழத்தைவிட அகலமாக இருப்பது நல்லது. ஓர் அடி அகலம், முக்கால் அடி ஆழம் போதும். மண் தொட்டி, பழைய பிளாஸ்டிக் வாளி, மாடித் தோட்டத்துப் பை எதுவானாலும் சரி. பெயின்ட் டப்பா, பேட்டரிப் பெட்டி, பூச்சிமருந்து வந்த கேன் மட்டும் கூடவே கூடாது. அடியில் நாலு ஓட்டை போட்டு, அதன்மேல் ஓட்டுச்சில்லு வையுங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம், மீன் கழிவு, பாத்திரம் கழுவிய தண்ணீர் இவை வேண்டாம். பூச்செடிக்குப் போட்டால் தப்பில்லை. இது வாய்க்குள் போகிற பொருளாயிற்றே!

கொடியை மூன்று நாலு கணு வருகிற மாதிரித் துண்டு போடுங்கள். நாலு விரல் இடைவெளியில் படுக்க வைத்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி புதையுங்கள். முதல் ஒரு வாரம் மண் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாளில் துளிர் வரும். ஒன்றரை மாதத்தில் தொட்டி மூடிவிடும்.

இனி வெயில். இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். முளைப்பாரியை இருட்டறையில் வைத்துத்தான் வளர்ப்போம், அது வெளிறி நெட்டையாக வரும். அந்த நினைவில் அருகுத் தொட்டியையும் அடுக்களை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, "வரவே மாட்டேங்குது" என்கிறார்கள். அருகு வெயிலுக்குப் பிறந்த புல். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் மெலிந்து செத்தே போகும். மொட்டை மாடி, தெற்குப் பார்த்த பால்கனி, வாசல் படி பொருத்தம். மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகும், பயப்படாதீர்கள்.

தண்ணீர் கோடையில் தினமும், மற்ற நாளில் மேல்மண் காய்ந்த பிறகு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். மாதம் ஒரு தடவை மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியே உப்பை வடியவிடுங்கள். மாடியில் பூனையும் புறாவும் தொட்டியைக் கழிப்பிடமாக்கிவிடும். ஒரு பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மேலே கட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு அறுப்பை உபயோகிக்காதீர்கள். நட்ட கொடி எந்த மண்ணில் இருந்ததோ! அதைக் கழித்துவிட்டு, மூன்றாவது அறுப்பிலிருந்து எடுங்கள். கத்தரிக்கோலால், மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம். பூக்கதிர் வருவதற்கு முன்பே வெட்டிவிடுவது முக்கியம். அருகின் மகரந்தம் ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ளவர்களுக்கு ஆகாத பொருள்களில் ஒன்று. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் இதில் கவனம் தேவை.

வருஷம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே மண்ணே தெரியாமல் வேர் பந்தாகச் சுற்றியிருக்கும். நடுவே காய்ந்து பழுப்பாவதும், ஊற்றிய தண்ணீர் உடனே கீழே ஓடுவதும் அதனால்தான். நாலில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, புது மண் போட்டுத் திரும்ப நடுங்கள்.

தொட்டி சொல்லும் அளவு

ஓர் அடித் தொட்டியில் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி புல் கிடைக்கும். "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். இவ்வளவுதான்!

ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டில் நாலு பேர், தினமும் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றால் நாலு வாரத்துக்கு 112 கைப்பிடி. அதாவது 112 தொட்டி வேண்டும். அப்படியானால் பூங்கா வாசலில் தினமும் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் எவ்வளவு புல் வேண்டும்? அவ்வளவு புல்லும் சுத்தமான இடத்தில் வளர்ந்து வருகிறது என்று நம்ப முடிகிறதா? ஒரு தொட்டி வளர்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும்.

நாலு தொட்டி வையுங்கள், வாரத்துக்கு ஒன்றாக வெட்டுங்கள். வாரம் ஒரு நாள் ஒருவருக்கு ஆகும். வீட்டு வைத்தியத்துக்கு அது தாராளம். அருகம்புல்லைச் சித்த மருத்துவத்தில் குளிர்ச்சி தரும் மூலிகையாகச் சொல்கிறோம். உடல் சூடு, வயிற்று எரிச்சல், தோல் அரிப்பு போன்றவற்றுக்குக் கொடுக்கிறோம். தேவை வந்தபோது, சில நாள் கொடுப்பது மருந்து. வருஷம் முழுக்கக் காபிக்குப் பதிலாகக் குடிப்பதற்குப் பழக்கம் என்று பெயர்.

பச்சையாக வேண்டாம், காய்ச்சுங்கள்

நெல், கோதுமை, கேழ்வரகு, எங்கள் மலையில் விளையும் சாமை எல்லாமே புல் குடும்பம்தான். இவற்றின் தானியம் நமக்கு, தழை மாட்டுக்கு. காரணம், மாட்டுக்கு நாலு அறை உள்ள வயிறு இருக்கிறது, அதில் நாரைச் செரிக்கும் கிருமிகள் இருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. புல்லில் உள்ள சத்து நமக்கு வேண்டுமானால் அதை வடித்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்குக் குடிநீர் முறை நல்லது. ஒரு கைப்பிடி புல்லை மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்குங்கள். ஐந்து மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டிக் குடியுங்கள். குளிர்ச்சி மூலிகைக்கு மிளகு துணை, கபம் கட்டாது. கொதிப்பதால் கிருமிப் பயமும் குறையும். "காய்ச்சினால் சத்து போயிடுமே" என்பார்கள். ஏதோ கொஞ்சம் போகட்டும், டைபாய்டு வராமல் இருப்பது பெரிய லாபம்.

தோல் அரிப்புக்கு, இதே புல்லை மஞ்சளோடு அரைத்து மேலே பூசி அரை மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். புண், வெடிப்பு உள்ள இடத்தில் பூச வேண்டாம்.

ரத்தசோகை உள்ள பெண்களே, கவனியுங்கள்

நான் மிகவும் வருத்தப்படுவது இதற்குத்தான். சோர்வு, மூச்சு வாங்குதல், முகம் வெளுப்பு என்று வருகிற பெண்கள் பலர், "மூணு மாசமா அருகம்புல் ஜூஸ் குடிக்கிறேன் டாக்டர், ரத்தம் ஊறலியே" என்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இருக்கிறது.

புல்லின் பச்சையமும் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் அமைப்பில் ஒன்று போல இருக்கும் என்பது உண்மை. ஆனால் பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியம். ஹீமோகுளோபின் நடுவே இருப்பது இரும்பு. பச்சையத்தைக் குடித்தால் அது ரத்தமாக மாறாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களுக்கு வேண்டியது இரும்புச்சத்து, குடற்புழு மருந்து, மாதவிலக்கில் அதிகப் போக்கு இருந்தால் அதற்கான சிகிச்சை. சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்கு அயம் சேர்ந்த மருந்துகளைத்தான் கொடுக்கிறோம். அயம் என்றால் இரும்பு! புல்லை நம்பி மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மாதமும் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

கோதுமைப் புல்லைப் 'பச்சை ரத்தம்' என்று விற்பதும் இப்படித்தான். 2004-ல் சண்டிகரில் தலசீமியா குழந்தைகளுக்குக் கோதுமைப்புல் சாறு கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன முன்னோட்ட ஆய்வு வெளிவந்தது. 16 பேரில் பாதிப் பேருக்கு ரத்தம் ஏற்றும் தேவை 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று சொன்னது. தலசீமியா பிறவி நோய், நம் வீட்டுப் பெண்களுக்கு வரும் சாதாரண ரத்தசோகை வேறு. கோதுமைப் புல் தொட்டியில் வளர்க்க எளிது, ஏழெட்டு நாளில் அறுக்கலாம். ஆசைக்கு வளர்ப்பவர்கள் மளிகைக் கடைக் கோதுமையைப் போடுங்கள். விதைக் கடையில் வாங்கும் விதையில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும்.

யாருக்கு வேண்டாம்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பச்சைச் சாறோ குடிநீரோ டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' போன்ற மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் தொடவே வேண்டாம். பச்சிலையில் உள்ள வைட்டமின் 'கே' மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சர்க்கரை நோயாளிகள் சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

"என்ன டாக்டர், சித்த வைத்தியரே மூலிகையைக் குறை சொல்றீங்களே!" என்று நீங்கள் கேட்கலாம். குறை சொல்லவில்லை. இந்தப் புல்லுக்கு உரிய மரியாதையைத்தான் கேட்கிறேன். நல்ல மண், நல்ல தண்ணீர், நல்ல வெயில், சரியான ஆள், சரியான அளவு, இத்தனையும் சேர்ந்தால்தான் அது மூலிகை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தொட்டியை மாடிக்கு ஏற்றுங்கள். மண் கலந்து, நாலு கொடி நட்டு, பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சில மாதம் கழித்து, சொந்தத் தொட்டியில் வெட்டிய ஒரு கைப்பிடி புல் உங்கள் கையில் இருக்கும். அது எங்கே வளர்ந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.